காண்டலும் காத்தலும்

விலங்குகளை அவை வாழும் இடத்திற்கே சென்று காணல் வேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்து மக்களிடையே பெரிதும் வளர்ந்து வருகின்றது. கூண்டினுள் அடைபட்ட சிங்கத்தை வெளியே நின்று நோக்கி மகிழ்ந்த மனிதன், இன்று தான் கூண்டினுள் அமர்ந்து, வெளியே உலவும் சிங்கத்தை நோக்குகின்றான். அக்கூண்டுதான் மோட்டார் வண்டி. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இவ்வண்டியை வழிகாட்டியின் துணையின்றிப் பார்வையாளர் தாமே செலுத்திக்கொண்டு காட்டினுள் செல்லும் வழக்கம் உளது. இது நன்றோ தீதோ என அறிஞர் இருதிறப்பட்டு வழக்கிடுகின்றனர். யாம் இதனை நன்றென்றே கொள்கின்றோம். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. வண்டியை அடக்கத் தெரிந்தவன் தன் விருப்பத்தையும் அடக்கத் தெரிந்தவனாதல் வேண்டும். இதனை விளக்குதலே எம் நோக்கம்.

யாம் கூறப்புகுவது நூல்களிற் கற்றது மட்டுமன்று. நேரிற் கண்டதும், கண்டு நாணியதும் ஆகும். தென்னாப்பிரிக்காவிற் பணியாற்றும் எம் தாய்மாமன் அழைப்பிற்கிணங்கி, சென்ற ஜூன் திங்களில் அந்நாடு சென்றிருந்தோம். உபிங்டன் என்னும் ஊரில் வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தி, வடக்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் கடந்து, கலகாடிப் பூங்காவை அடைந்தோம். மாமா வண்டி செலுத்த, மாமியும் யாமும் இருபுறமும் நோக்கியிருக்க, நான்கு நாள் அங்குக் கழிந்தன.

அப்பூங்காவைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அது கலகாரிப் பாலையின் தென்மேற்குப் பகுதியில் உள்ளது. தென்னாப்பிரிக்க அரசு 1931-ஆம் ஆண்டு தன் எல்லைக்குள் ஒரு பூங்காவை வகுத்தது. இந்நாள் போட்ஸ்வானா எனப் பெயர்பெற்ற நாட்டின் பகுதியில் 1938-ஆம் ஆண்டு மற்றொன்று வகுக்கப்பட்டது. இரண்டிற்கும் இடையே வேலி கிடையாது. வறண்ட ஆற்றுப் படுகையொன்றே எல்லை. விலங்குகள் எந்நாளும் அவ்வெல்லையை மதித்தனவல்ல. 1999-ஆம் ஆண்டு இரு நாட்டரசுகளும் உடன்படிக்கை செய்து, 2000-ஆம் ஆண்டு மே திங்களில் இரண்டையும் ஒரே பூங்காவாகத் திறந்துவைத்தன. அதன் பரப்பு ஏறக்குறைய 38,000 சதுர கிலோமீட்டர்; அஃதாவது நம் தமிழ்நாட்டின் காற்பங்கினும் மிகுதி. அதில் நான்கில் மூன்று கூறு போட்ஸ்வானாவைச் சார்ந்தது.

அங்கு அவோப், நாசோப் என இரண்டு ஆறுகள் உள. ஆறென்பது பெயரளவே. நாசோப் ஆற்றில் வெள்ளம் வருதலை ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறை கண்டால் அதுவே பெரிது. ஆண்டொன்றுக்குச் சராசரி 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் நிலம் அது. அவ்வறண்ட படுகைகளே இன்று வண்டிப் பாதைகளாக உள்ளன. இருமருங்கும் செம்மணற் குன்றுகள் அலையலையாகக் கிடக்கின்றன. மணலுக்குச் செம்மை தருவது அதன்மேற் படிந்த இரும்புத் துரு. கோடையிற் பகல் வெப்பம் 40 பாகையைக் கடக்கும். குளிர்கால இரவில் நீர் உறையும். யாம் சென்றது குளிர்காலம். விடியலில் வண்டியின் கண்ணாடிமீது பனி வெள்ளைத் துணிபோற் படிந்திருந்தது.

அவோப் ஆற்றங்கரையில் இடையிடையே நீர்த்துறைகள் உள்ளன. அவை இயற்கைச் சுனைகள் அல்ல. 1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டபொழுது, அண்டையில் ஜெர்மானியர் ஆண்ட தென்மேற்கு ஆப்பிரிக்காவின்மேற் படையெடுக்கும் வீரர்க்கு நீர் வேண்டுமென்று தென்னாப்பிரிக்க அரசு அவ்வாற்றின் நெடுகத் துளைக்கிணறுகளைத் தோண்டியது. படை வேறு வழியாகச் சென்றது. கிணறுகள் எஞ்சின. மனிதரைக் கொல்லச் செல்வோர்க்கென அகழ்ந்த நீரை இன்று மானும் சிங்கமும் பருகுகின்றன. அந்நீர்த்துறைகளுள் ஒன்றன் பெயர் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'பதினான்காம் துளைக்கிணறு' என்பது. அதனருகே யாம் கற்ற பாடத்தைப் பின்னர்க் கூறுவோம்.

பூங்காவின் விதிகள் மிக எளியன. ஞாயிறு தோன்றும் வேளையில் முகாமின் வாயில் திறக்கும். மறையும் வேளையில் அடைபடும். செல்லுங்கால் சீட்டுப் பெற்றுச் செல்லல் வேண்டும். மீளுங்கால் அதனைத் திருப்பித் தரல் வேண்டும். இரவில் எவரேனும் திரும்பாதிருப்பின் தேடுதற்கு இவ்வேற்பாடு. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடலாகாது. பாதையை விட்டு விலகலாகாது. குறித்த இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. இவ்வளவே. இவற்றிற்கப்பால் பார்வையாளன் உரிமையுடையவன். எங்கு நிற்பது, எத்துணை நேரம் நிற்பது, எப்பொழுது செல்வது என்பனவெல்லாம் அவன் உள்ளத்தைப் பொறுத்தன. அருகே அமர்ந்து அவனைத் திருத்துவோர் எவருமிலர்.

இவ்வுரிமையை மக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? எதிரே வரும் வண்டி எமதருகே நிற்கும். கண்ணாடி இறங்கும். வணக்கத்திற்கு அடுத்த முதற் சொல், "சிங்கம் உண்டோ?" என்பதே. இல்லையென்றால் வண்டி விரைந்து அகலும். உண்டென்றால் அதனினும் விரைந்து அகலும். ஓரிடத்திற் சிங்கம் படுத்திருக்கின்றது என்னும் செய்தி பரவினால், சிறிது நேரத்துள் பத்து வண்டிகள் அங்கு நெருங்கி நிற்கும். உள்ளிருப்போர் படமெடுப்பர், எடுத்ததும் அகல்வர். கலகாரிச் சிங்கத்தின் கரிய பிடரியை அவர்தம் கருவி கண்டிருக்கும். அவர் கண்டனரோ என்பது ஐயமே.

'சபாரி' என்பது பயணம் எனப் பொருள்படும் ஸ்வாஹிலிச் சொல். அரபு மொழியினின்று அம்மொழிக்கு வந்தது. ஐரோப்பியர் வாயில் அது நெடுங்காலம் வேட்டைப் பயணத்தையே குறித்தது. இன்று துப்பாக்கி இருந்த கையில் ஒளிப்படக் கருவி உளது. இது பெரியதொரு முன்னேற்றமே, ஐயமில்லை. ஆயினும் துப்பாக்கியைக் கீழே வைத்தவன் வேட்டை உள்ளத்தையும் உடன் கீழே வைத்தானோ? எத்தனை விலங்கு, எத்துணைப் பெரிது, எத்துணை அண்மை என்று கணக்கிடும் வரையில் அவ்வுள்ளம் அவனிடத்து உறைகின்றது என்றே யாம் கூறுவோம்.

பிறரைக் குறை கூறுதற்கு முன் எம் குறையை ஒளியாது உரைத்தல் முறை. இரண்டாம் நாட் காலை, அவோப் படுகையில், வேலமர நிழலிற் சிவிங்கிப் புலியொன்றைக் கண்டோம். சிறுத்தையினும் மெலிந்து, நிலத்தில் ஓடும் விலங்கெலாவற்றினும் விரைந்து ஓடுவது அது. அதன் பின்னே, உயர்ந்த புல்லில், குட்டிகள் இரண்டு அசையாது படுத்திருந்தன. அப்பால் ஸ்பிரிங்பாக் மான்கள் சில மேய்ந்திருந்தன. தாய் வயிறு நிலத்தில் உராயப் பதுங்கி, ஓரடி வைத்து நிற்பதும், பின் ஓரடி வைப்பதுமாக இருந்தது. எம் வண்டி நின்ற இடத்திலிருந்து மரக்கிளையொன்று அதன் முகத்தை மறைத்தது. சிறிது முன்னே செல்லுமாறு யாம் மாமாவை வேண்டினோம். அவர் தயங்கினார். யாம் மீண்டும் வேண்டினோம். பொறி உறுமியது, வண்டி நகர்ந்தது, மான்கள் தலை நிமிர்த்தன. மறுகணம் அவை துள்ளிக் குன்றின்மேல் ஏறி மறைந்தன.

சிவிங்கிப் புலி எழுந்து நின்றது. எம்மைச் சினந்து நோக்கவுமில்லை. குட்டிகளை ஒலி கொடுத்து அழைத்துக்கொண்டு, ஒட்டிய வயிற்றோடு மணலில் நடந்து சென்றது. வண்டியில் எவரும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து மாமா, "நாம் மாலையில் முகாமில் உண்போம். அவள் இனி எங்குச் சென்று தேடுவாளோ!" என்றார். அவ்வொரு சொல்லே எமக்குப் போதுமானதாயிற்று. எடுத்த படம் மிக நன்றாகவே வந்திருந்தது. அதனை எவர்க்கும் காட்ட எமக்கு மனம் வரவில்லை.

விதி எதனையும் யாம் மீறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாதையை விட்டு விலகவில்லை, விரைந்து செல்லவில்லை, இறங்கவில்லை. விதிப்படி யாம் குற்றமற்றவர். ஆயினும் ஒரு தாயின் உழைப்பையும் இரண்டு குட்டிகளின் உணவையும் கெடுத்தோம். விதிகள் தீமையின் எல்லையைக் காட்டும். நன்மைக்குரிய வழி முழுவதையும் அவை காட்டமாட்டா. எஞ்சிய வழியை ஒவ்வொருவனும் தானே நடத்தல் வேண்டும். தாமே வண்டி செலுத்திக் காணும் முறையின் இடரும் இதுவே. அதன் சிறப்பும் இதுவே.

மறுநாள் யாம் ஒரு முடிவு செய்தோம். விலங்கைத் தேடிச் செல்வதில்லை. ஓரிடத்தில் நின்று, வருவதைக் காண்பது. வாயில் திறந்தவுடன் சென்று, மேற்கூறிய பதினான்காம் துளைக்கிணற்றருகே வண்டியை நிறுத்திப் பொறியை அணைத்தோம். ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை. வண்டியொன்று வந்து நின்றது. "ஏதேனும் உண்டோ?" என்றனர். "ஒன்றுமில்லை" என்றோம். அவர்கள் சென்றனர். பின்னொரு வண்டி வந்தது, அதுவும் சென்றது. கால்கள் குளிரால் மரத்தன. மாமி குடுவையிலிருந்த தேநீரைப் பகிர்ந்தளித்தார். முதல் நாளாயின் யாமும் அவ்விடத்தை விட்டு அகன்றிருப்போம்.

வெயில் ஏறியதும் வானிற் சிற்சில குரல்கள் கேட்டன. கல்கௌதாரிகள் கூட்டங் கூட்டமாக வந்து, வட்டமிட்டு, நீரருகே இறங்கின. பெரும்பாலானவை பருகி உடனே எழுந்தன. ஆண் பறவைகள் சில மட்டும் நீரில் இறங்கி, அடிவயிற்றை நீரிற் பொருத்தி அமர்ந்திருந்தன. அஃது ஏன் எனின், அப்பறவையின் வயிற்று இறகுகள் நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கும் இயல்பின. நெடுந்தொலைவிலுள்ள கூட்டிற்கு அது பறந்து சென்று நிற்க, குஞ்சுகள் தந்தையின் இறகை வாயாற் பற்றி நீர் அருந்தும். பாலையில் குஞ்சு வளர்வது இவ்வாறே. முதுகு கரிய நரியொன்று புதர்மறைவிலிருந்து பாய்ந்து, எழும் பறவையொன்றை வானத்திலேயே கவ்வியதையும் கண்டோம். பிடிபட்டது நீர் சுமந்த தந்தையோ அன்றோ, அறியோம். நரிக்கும் குட்டிகள் இருந்திருக்கலாம். யாரைக் குறித்து இரங்குவது என அறியாது இருந்தோம். அவ்வறியாமையும் ஒரு கல்வியே.

அன்று பகல் முழுதும் சிங்கம் வரவில்லை. ஆயினும் அந்நான்கு நாளில் யாம் உண்மையாகக் கண்ட நாள் அதுவே. ஜெம்ஸ்பாக் என்னும் நெடுங்கொம்புடைய மறிமான் தனித்து வந்து நீரருந்திச் சென்றது. கொடிய வெயிலில் அதன் உடல் வெப்பம் மிக உயரினும், மூக்கினுட் செல்லும் காற்றாற் குளிர்ந்த குருதி மூளைக்குச் செல்லும் குருதியின் வெம்மையைத் தணித்து அதனைக் காக்கின்றது. நீர் கிட்டாக் காலத்தில் மணலிற் படரும் சம்மா என்னும் காட்டுக் குமட்டிக் காயை உண்டு அது ஈரம் பெறும். நீர்த்துறைக்கு எதிரே நம் கருவேலத்திற்கு உறவான பெரிய முள்மரம் ஒன்று நின்றது. அதன் கிளைகளில் வைக்கோற் போர் ஒன்றைத் தூக்கி வைத்தாற்போலக் கூடு ஒன்று தோன்றியது. அது ஒரு பறவையின் கூடன்று. கூடி வாழும் நெசவுக்குருவிகளின் ஊர். நூற்றுக்கு மேற்பட்ட இணைகள் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி அறைகளில் வாழ்வதுண்டு. தந்தைக்குப்பின் மகன், மகனுக்குப்பின் பேரன் எனப் பல தலைமுறை அக்கூரையைப் புதுக்கிப் புதுக்கி வாழும். சிறு வல்லூறு ஒன்றும் அங்கோர் அறையைக் குடிக்கூலியின்றிக் கைக்கொள்ளும்.

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் ஒன்றை ஈண்டு ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாலை என்றதும் எம் நினைவிற்கு வந்தது பிரிவும் வெம்மையும் ஆறலைக் கள்வருமே. மழை மறுத்த காலத்துக் காடும் மலையும் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையையே நம் முன்னோர் பாலை என்றனர். ஆகவே பாலை என்பது கெட்டதொரு நிலம் என்னும் எண்ணத்தோடு யாம் சென்றோம். கலகாரியோ கெட்டதொரு நிலமன்று. அது தனக்கெனத் தனியியல்பு உடையது; குறைந்த நீரை வைத்து நிறைந்த வாழ்வை நடத்துவது. விரைந்து செல்பவர்க்கு அது வெறுநிலமாகவே தோன்றும். நின்றவர்க்கே அது தன் செல்வத்தைத் திறந்து காட்டும். யோபின் வரலாற்றில் இறைவன் யோபை நோக்கி வினவும் வினாக்களுட் பல, சிங்கம், காட்டுக் கழுதை, தீக்கோழி முதலாய விலங்கையும் பறவையையும் பற்றியன. அவற்றுட் பெரும்பாலானவை மனிதனுக்கு எவ்வகையிலும் ஊழியம் செய்யாதவை. அவன் காணாவிடத்தும் அவை காக்கப்படுகின்றன என்பதே அவ்வினாக்களின் உட்கிடை என எமக்குப் படுகின்றது. அன்று அந்நீர்த்துறையருகே அப்பகுதியின் பொருள் எமக்கு முன்னினும் தெளிவாயிற்று.

இனி, எதிர்க்கட்சியாரின் கூற்றை நோக்குவோம். பயிற்சியில்லாதவரைத் தனியே விடுதலால் அன்றோ இத்தகைய பிழைகள் நேர்கின்றன. வழிகாட்டியோடன்றி எவரையும் உள்ளே விடலாகாது என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை உண்டு. தேர்ந்த வழிகாட்டி உடனிருந்திருப்பின், அன்று எம் வண்டி நகர்ந்திராது. ஆயினும் வழிகாட்டி இருப்பதனால் மட்டும் அடக்கம் வந்துவிடுவதில்லை. நம் நாட்டுப் புலிக் காப்பகங்களில் வழிகாட்டியும் ஓட்டுநரும் உடனிருக்கின்றனர். அங்கும் புலி ஒன்று தோன்றினால் ஜீப்புகள் சூழ்ந்துகொள்ளும் காட்சியைக் காணாதார் யார்? கூலி கொடுத்தவர் புலியைக் காட்டென்று நெருக்க, ஓட்டுநர் தம் பிழைப்பின்பொருட்டு விரைகின்றார். ஆங்குப் பார்வையாளன் தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு உறங்கலாம். தானே வண்டி செலுத்துபவனுக்கு அவ்வழி இல்லை. பிழை செய்தால் அது தன் பிழை. பொறுமை காத்தால் அது தன் பொறுமை. அடக்கத்தைக் கற்பிக்கும் பள்ளிகளுள் இது கடினமானது, ஆதலின் சிறந்தது.

வேறு சிலர், விலங்குகளை அவற்றின் போக்கில் விட்டுவிடலே நன்று; மனிதன் அங்குச் செல்லவே வேண்டா என்பர். உயர்ந்த எண்ணந்தான். ஆயின் எவரும் காணாத நிலத்திற்காகப் பரிந்து பேசுவோர் நாளடைவிற் குறைவர். பார்வையாளர் செலுத்தும் கட்டணமும் காவலுக்குத் துணையாகின்றது. கண்டவர் உள்ளத்திலேயே காக்கும் எண்ணம் வேரூன்றும். ஆதலின் காண்டலை ஒழித்தல் வேண்டா; காணும் முறையைத் திருத்தல் வேண்டும்.

காத்தல் என்னும் சொல்லைப் பற்றி இன்னொன்று கூறாது விடின் எம் கட்டுரை உண்மையாகாது. அந்நிலத்தில் முதன்முதற் பார்வையாளராய்ச் சென்றவர் வண்டியில் வந்தோர் அல்லர். கோமானி சான் என்னும் குடியினர் தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்தனர். மணலிற் கிடக்கும் அடிச்சுவட்டை நோக்கிச் சென்ற விலங்கு யாது, எப்பொழுது சென்றது, நலமுற்றதோ புண்பட்டதோ எனச் சொல்லும் கல்வி அவர்களுடையது. காட்டைக் காத்தல் என்னும் பெயரால் அமைந்த பூங்கா, காலப்போக்கில் அவர்களையே அந்நிலத்தினின்று அகற்றியது. 1970-களில் எஞ்சியோரும் வெளியேற்றப்பட்டனர். இனவொதுக்கல் ஆட்சி ஒழிந்த பின்னர், 1995-ஆம் ஆண்டு அவர்கள் தம் நிலவுரிமையைக் கோரினர். 1999-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரசு அவர்கள் உரிமையை ஏற்று, பூங்காவிற்கு வெளியே நிலம் வழங்கியது. 2002-ஆம் ஆண்டு பூங்காவினுள்ளும் ஒரு பகுதியில் அவர்கள் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அந்நிலப்பரப்பைக் கோமானியரின் பண்பாட்டு நிலமென உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவ்வளவு நன்மை பின்னர் வந்தும், இழந்தவை அனைத்தும் மீளவில்லை. அம்மக்களுட் சிலர் பேசிய நூ என்னும் மொழி, வழங்குவோர் சிலரே எஞ்சும் நிலையை எய்தியது. கத்ரீனா ஏசா என்னும் மூதாட்டியார் உபிங்டனில் சிறுவர்க்கு அம்மொழியைக் கற்பித்துவந்தார். அத்தொண்டிற்காக 2014-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க அரசின் உயரிய விருதொன்றைப் பெற்றார். யாம் வண்டி அமர்த்தியதும் அதே ஊரில்தான். அன்று அச்செய்தியை அறியாது ஊரைக் கடந்து சென்றோம். மீண்டு வந்து படித்தபோதே அறிந்து வருந்தினோம். சிங்கத்தைக் காண விரைந்த எமக்கு, அச்சிங்கத்தின் சுவட்டிற்கு அந்நிலத்தார் இட்ட பெயரைக் கேட்க ஓர் அரைநாள் ஒதுக்கத் தோன்றவில்லை. விலங்கைக் காக்கும் அறம் மனிதனை மறக்குமாயின், அது குறைபட்ட அறமே.

நண்பர்காள்! கலகாடிக்குச் செல்லும் வாய்ப்பு நம்மிற் பலர்க்கு வாய்த்தல் அரிது. எமக்கும் அது மாமாவின் அன்பால் வாய்த்தது. மீண்டும் வாய்க்குமோ அறியோம். அவ்வாறாயின் இக்கட்டுரையால் நமக்கு என்ன பயன் என நீவிர் வினவலாம். மைசூரிலிருந்து உதகை செல்லும் சாலையை நினைமின். பந்திப்பூர், முதுமலைக் காடுகளினூடே அச்சாலை செல்கின்றது. 2009-ஆம் ஆண்டு முதல் பந்திப்பூர்ப் பகுதியில் இரவில் வண்டிப் போக்குவரத்திற்குத் தடையுண்டு. பகலில் நாம் அனைவரும் நம் வண்டியிலேயே செல்கின்றோம். கல்லூரிச் சுற்றுலாவிற் சென்றோர் நம்முள் எத்தனை பேர்! சாலையோரம் யானை நின்றால் நாம் செய்வது யாது? நிறுத்தலாகாது என்னும் பலகையின் கீழேயே நிறுத்துகின்றோம், கூவுகின்றோம், கையிலுள்ளதை எறிகின்றோம், முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கின்றோம். குட்டியோடு நிற்கும் தாய் யானை சாலையைக் கடக்கவொண்ணாது தவிப்பதை எவர் எண்ணுகின்றனர்? அன்று அப்பாலையில் யாம் செய்த பிழையும் இங்கு நாடோறும் நிகழும் பிழையும் ஒன்றே.

ஆதலின் எம் கருத்தைச் சுருங்கக் கூறுவோம். வண்டி செலுத்தும் உரிமை பார்வையாளனுக்கு இருத்தல் நன்று. ஆயின் அவ்வுரிமையுடையவன் மூன்றை மேற்கொள்ளல் வேண்டும். விலங்கு தன் தொழிலில் இருக்கும்போது அவன் பொறியை இயக்கலாகாது. தன் காட்சி மறைந்தால் மறையட்டும். நிறுத்தலாகாத இடத்தில் நில்லாது செல்லல் வேண்டும். நிற்கத்தக்க இடத்தில் ஒரு மணி நேரமேனும் பொறுத்திருத்தல் வேண்டும். அந்நிலத்தில் வாழ்ந்த மக்கள் யாவர், அவர்க்கு நேர்ந்தது யாது என்பதைச் செல்லுமுன் அறிந்துகொள்ளல் வேண்டும். நம் மொழியிற் காத்தல் என்னும் சொல்லொன்றே பேணுதலையும் எதிர்நோக்கி இருத்தலையும் குறிக்கின்றது. இரண்டாவதை அறியாதவனால் முதலாவது இயலாது என்பதை அப்பாலையில் அறிந்தோம்.

எம் கல்லூரி இயற்கைக் கழகத்தார் வரும் டிசம்பரில் முதுமலைக்குச் செல்லவிருப்பதாக அறிகின்றோம். அவர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. மீண்டு வந்ததும், புலி கண்டீரோ என்று உங்களை வினவுவோம் அல்லோம். எங்கு, எத்துணை நேரம் அசையாது இருந்தீர் என்றே வினவுவோம். அதற்கு விடை கொண்டு வருமின்.